கேமரா பார்த்தது, நீ சாட்சி சொன்னாயா?



இந்த மாதம் ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். "பிரதர், சபையில நீங்க எழும்பிச் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க. நம்ம ஜனங்களுக்கு இது தேவை" என்று பாஸ்டர் கேட்டு இரண்டு மாதமாகிறது. தள்ளிக்கொண்டே வந்தேன். சபையில் சொல்லிவிடலாம், கண்ணீரோடு சொன்னால் ஜனங்கள் "ஸ்தோத்திரம்" என்று சொல்லித் தாங்கிக்கொள்வார்கள். அச்சில் வந்தால் நிற்கும். ஆனாலும் ஆவியானவர் விடவில்லை. எழுதுகிறேன்.

2022ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து மத்தியானம் இரண்டரை மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். எதிரே இளநீர் வண்டி. அதை வைத்திருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பக்கத்தில் புதிதாய்க் கட்டின கட்டடத்துக்கு வண்டி மறைப்பாக இருக்கிறது என்று நாலு பேர் வந்தார்கள். பேச்சு இரண்டு நிமிஷம்தான். வண்டியைக் கவிழ்த்தார்கள். இளநீர்க் காய்கள் ரோட்டில் உருண்டன. பையனைக் கீழே தள்ளி மிதித்தார்கள்.

நான் செல்போனை எடுத்துப் படம் பிடித்தேன். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. அந்தப் படத்தில் ஒரு காரியம் தெளிவாய்த் தெரிந்தது: பையன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் மடக்கிக்கொண்டு கிடக்கிறான், இளநீர் வெட்டுகிற அரிவாள் எட்ட, வெட்டிப்போட்ட மட்டைக் குவியலின் மேல் கிடக்கிறது. அவன் அதைத் தொடவேயில்லை.

சாயங்காலம் அவர்களே முந்திக்கொண்டு போலீசில் எழுதிக் கொடுத்தார்கள்: பையன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வெட்ட வந்தான் என்று. பையனை ரிமாண்ட் செய்தார்கள். பதினேழு நாள் உள்ளே இருந்தான்.

மூன்றாம் நாள் அவன் தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணே, நீங்க பஸ் ஸ்டாப்புல நின்னு போன்ல எடுத்தீங்களாமே, பூக்காரக்கா சொன்னாங்க. அதைக் கொஞ்சம் காட்டுனீங்கன்னா எம்புள்ள வெளிய வந்துருவான்ணே."

அந்த நாலு பேர் யாருடைய ஆட்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். கோர்ட்டு, கேசு, அலைச்சல் எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னே வந்தது. "எடுத்தேன்மா. ஆனா அது அழிஞ்சு போச்சு" என்றேன்.

அழியவில்லை. சட்டைப் பையிலேயே இருந்தது.

அந்தத் தாயார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "சரிண்ணே. கடவுள் இருக்காரு" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் தெரு முனை திரும்பும் முன்னே நான் அந்த வீடியோவை அழித்தேன். சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டுமே! அடுத்த ஞாயிறு ஆராதனையில் கைகளை உயர்த்தி, பஸ் விபத்து ஒன்றிலிருந்து கர்த்தர் என்னைக் காப்பாற்றினதைச் சாட்சியாகச் சொன்னேன். சபை கைதட்டி ஆண்டவரை மகிமைப்படுத்தியது.

எட்டு மாதம் கழித்து, வருஷ வேத வாசிப்பில் லேவியராகமத்துக்கு வந்தேன். ஐந்தாம் அதிகாரம், முதல் வசனம். இத்தனை வருஷம் பலிகளைப்பற்றின பகுதி என்று வேகமாய்க் கடந்துபோன இடம். ஒருவன் கண்டதையோ அறிந்ததையோ சொல்லும்படி ஆணையிடப்பட்டும், சாட்சியாயிருந்தும், வாய் திறவாமல் போனால் அந்த அக்கிரமத்தை அவனே சுமக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அடித்தவனைப்பற்றி அல்ல, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவனைப்பற்றி! அதற்கு மேல் படிக்க முடியவில்லை. வேதத்தை மூடிவிட்டேன்.

பிரியமானவர்களே, அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. எங்கே பார்த்தாலும் கேமரா இருக்கிற இந்த நாட்களில், சாட்சி யார்?

எங்கும் கண்கள்

வீடியோ டெக்கையும் டி.வி.யையும் வாடகைக்கு எடுத்து ஜனங்கள் விடிய விடிய படம் பார்த்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விசுவாசி வீட்டில் டி.வி. பெட்டி இருக்கலாமா என்று நாம் காரசாரமாய்ப் பேசினோம். இன்றைக்கு டி.வி. பெட்டி மட்டுமல்ல, படம் பிடிக்கிற பெட்டியும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. தெருவில் கேமரா, கடையில் கேமரா. அ.கா. விஸ்வநாதன் சென்னை கமிஷனராக இருந்த நாட்களில் (2017–2020) 'மூன்றாவது கண்' என்று பேர் வைத்து நகரமெங்கும் கேமராக்களைப் பெருக்கினார்கள். காணிக்கைப் பெட்டி உடைக்கப்பட்ட பிறகு நம் ஆலயத்திலும் ஒன்று மாட்டியிருக்கிறோம்.

இதனால் பாதுகாப்பு வந்ததா? கொஞ்சம் வந்தது. பல நாடுகளில் 40 வருஷங்களாக நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2019இல் குற்றவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவு சொன்னார்கள். கேமரா வைத்த இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்தது. வாகனம் நிறுத்தும் இடங்களில் நல்ல பலன். ஆனால் அடிதடி, வெட்டுக்குத்து போன்ற வன்முறைகளில் சொல்லும்படியான குறைவு இல்லை. பார்க்க ஆள் இல்லாமல் சும்மா பதிவு செய்துகொண்டிருந்த கேமராக்களால் பெரிய பிரயோஜனமும் இல்லை. யோசித்துப் பாருங்கள். திருடன் கணக்குப் போட்டு வருகிறவன். கேமராவைக் கண்டால் வேறு இடம் போவான். கோபத்தில் கண் மண் தெரியாதவன் கேமராவைப் பார்ப்பானா?

2016 ஜூன் மாதம் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில், ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். ஸ்டேஷனில் கேமரா இல்லை என்று நாடே பேசியது. பக்கத்துத் தெருக் கேமராக்களிலிருந்துதான் படம் கிடைத்தது. கேமரா இல்லாதது குறைதான். ஆனால் பிளாட்பாரத்தில் மனுஷர்கள் இருந்தார்களே! கேமரா ஏன் இல்லை என்று கேட்டோம். மனுஷர் ஏன் அசையவில்லை என்று எத்தனை பேர் கேட்டோம்? நானும் அன்றைக்குப் பேப்பரைப் படித்துவிட்டு, "என்ன ஜனங்கப்பா" என்றவன்தான். ஆறு வருஷம் கழித்து அதே ஜனங்களில் ஒருவனாய் நின்றேன்.

இனி, ஆவியானவர் எனக்கு உணர்த்தின காரியங்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லுகிறேன்.

1. மறைவானதை வெளியே கொண்டுவருகிறது

முதலாவது, இந்தக் கருவியைப் பிசாசின் காரியம் என்று தள்ளிவிடாதிருங்கள். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பின மனுஷனின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து ஒன்பது நிமிஷத்துக்கு மேல் அழுத்தினார். அவர் இறந்துபோனார். போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கையில் முழங்காலைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடல்நலக் கோளாறால் மரித்ததுபோல எழுதியிருந்தது. டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் அங்கே நின்று, பயந்துகொண்டே, முழுவதையும் போனில் எடுத்தாள். அதை வெளியிட்டாள். பிறகு கோர்ட்டுக்கு வந்து கூண்டில் ஏறி அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். 2021இல் அந்தப் போலீஸ்காரருக்கு இருபத்திரண்டரை வருஷம் தண்டனை கிடைத்தது.

நம் ஊருக்கு வாருங்கள். 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கம், மடப்புரம் கோவிலில் காவலாளியாயிருந்த வாலிபன் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தான். மறைந்து நின்று ஒருவர் எடுத்த சில விநாடி வீடியோ மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரைக்கும் போனது. எடுத்தவர் தன் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆனாலும் கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் வெட்கத்தால் தலை குனிந்தேன். அவரிடமும் ஒரு போன்; என்னிடமும் ஒரு போன். அவர் கொடுத்தார். நான் அழித்தேன்.

அப்போஸ்தலர் 23ஆம் அதிகாரத்தில் பவுலைக் கொல்ல நாற்பது பேருக்கு மேல் சபதம் பண்ணியிருந்தார்கள். அதைக் கேட்ட பவுலின் சகோதரி மகன், ஒரு வாலிபன், சும்மா இருந்துவிடவில்லை. கோட்டைக்குள்ளே போய்ச் சேனாபதியிடம் சொன்னான். அவன் பெயர்கூட வேதத்தில் இல்லை. ஆனால் அவன் வாயைத் திறந்ததினால் ஒரு அப்போஸ்தலன் பிழைத்தான்.

2. காக்கிற கை வேண்டும்

இரண்டாவது, கேமரா தானாக நியாயம் செய்யாது. அதை வைத்திருப்பவன் கையில் அது இருக்கிறது.

2020 ஜூன் 19, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று ஒரு வியாபாரியையும் அவர் மகனையும் போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்தார்கள். சில நாட்களுக்குள் இரண்டு பேரும் மரித்தார்கள். எத்தனை இராத்திரிகள் நாம் அந்தக் குடும்பத்துக்காக முழங்காலில் நின்று ஜெபித்தோம்! அவர்கள் தரையில் புரண்டதினால் காயம் உண்டானது என்று போலீஸ் எழுதி வைத்தது. பக்கத்துக் கடைக் கேமராவில் அப்படி எதுவும் இல்லை. அது உண்மையைக் காட்டியது. ஆனால் ஸ்டேஷனுக்குள்ளே இருந்த கேமரா? விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் பார்த்தபோது, அன்றைய பதிவு இல்லை. பதிவுகள் தினந்தோறும் தானாகவே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். சேமித்து வைக்க இடம் தாராளமாய் இருந்தும் அப்படி.

கேமரா ஊமையாய்ப் போனபோது யார் பேசினது தெரியுமா? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். பயந்து நடுங்கிக்கொண்டே, இரவெல்லாம் அடித்தார்கள் என்று நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பிற்பாடு 9 போலீசார்மேல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அதே வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி, நாட்டிலுள்ள எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், ஸ்டேஷன்களில் கேமராக்கள் வேலை செய்யவில்லை என்ற செய்தியைப் பார்த்து அதே நீதிமன்றம் தானாகவே மறுபடியும் அதைக் கையில் எடுத்தது. கருவியை வாங்கிவிடலாம். கர்த்தருக்குப் பயப்படுகிற கையை எந்தக் கடையில் வாங்குவது?

அழித்த போலீசை நாம் கடிந்துகொள்ளுகிறோம், சரிதான். ஆனால் தேவசமுகத்தில் நான் கேட்டது இதுதான்: "மகனே, நீ அழித்ததற்கும் அவர்கள் அழித்ததற்கும் என்ன வித்தியாசம்?"

3. அங்கி உண்மை, கதை பொய்

மூன்றாவது, படம் உண்மையாயிருந்தும் அதைக்கொண்டு பொய் சொல்லலாம்.

யோசேப்பின் கதையைப் பாருங்கள். ஆதியாகமம் 37இல் சகோதரர்கள் அவனுடைய அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் காட்டினார்கள். அங்கி யோசேப்பினுடையதுதான். இரத்தமும் இரத்தம்தான். "மிருகம் கொன்றது" என்று அவர்கள் சொல்லவேயில்லை; உம்முடைய மகனுடையதா பாரும் என்று மட்டும் கேட்டார்கள். மீதிக் கதையை யாக்கோபு தானே சொல்லிக்கொண்டார். 39ஆம் அதிகாரத்தில் போத்திபாரின் மனைவி கையில் அவன் விட்டுப்போன வஸ்திரம். அதுவும் உண்மையான வஸ்திரம்! அதைக் கொண்டு ஒரு பொய், யோசேப்புக்குச் சிறை. இரண்டு தடவையும் சாட்சிப் பொருள் உண்மை, சொன்ன கதை பொய்.

வீடியோவும் ஒரு அங்கிதான். 1991 மார்ச் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங் என்பவரைப் போலீசார் தடிகளால் அடித்ததை ஒருவர் தன் வீட்டு பால்கனியிலிருந்து படம் எடுத்தார். உலகமே அதை டி.வி.யில் பார்த்தது. இனி என்ன விசாரணை என்று எல்லாரும் நினைத்தார்கள். போலீசாரின் வக்கீல்கள் அதே படத்தைத் துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று நாலு போலீசாரில் ஒருவருக்கும் தண்டனை இல்லை என்று ஆனது. அதனால் எழும்பின கலவரத்தில் 50 பேருக்கு மேல் செத்தார்கள். மறு வருஷம் மத்திய கோர்ட்டில்தான் இரண்டு பேர் குற்றவாளிகள் என்று தீர்ந்தது. படம் ஒன்றே, தீர்ப்பு இரண்டு.

2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வந்த இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைப் பத்திரமாய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட வதந்திகள் பரவின அந்த நாட்களில், மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோவிலுக்கு வழி கேட்டுப் போன 65 வயது மூதாட்டி, பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். அவரை அடித்த கூட்டத்தின் கையிலும் செல்போன் இருந்தது. அந்த அடியும் படமாய் ஊரெல்லாம் சுற்றியது!

இப்போதோ நடக்காததை நடந்ததுபோல, பேசாததைப் பேசினதுபோல கம்ப்யூட்டரே படம் செய்து கொடுக்கிறது. ஆகையால், தேவபிள்ளையே, பார்த்தவுடன் நம்பாதே. முதலில் வழக்குச் சொல்லுகிறவன் நியாயமாய்த்தான் தோன்றுவான், அடுத்தவன் வந்து விசாரிக்கும்போதுதான் காரியம் விளங்கும் என்று நீதிமொழிகள் 18ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஒன்பதாம் கற்பனை வாய்க்கு மட்டும் அல்ல, ஃபார்வர்ட் செய்கிற பெருவிரலுக்கும்தான்.

4. சேமும் யாப்பேத்தும்

நாலாவது, எடுத்ததையெல்லாம் எல்லாருக்கும் காட்டுவது சாட்சி ஆகாது. நோவா வஸ்திரம் விலகிக் கிடந்தபோது காம் பார்த்தான். வெளியே போய்ச் சொன்னான். சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து மூடினார்கள். காம் சொன்னது பொய்யா? இல்லை. ஆனாலும் சாபம் அந்த வீட்டில் வந்தது.

2023இல் மணிப்பூரில் இரண்டு பெண்களை மானபங்கம் செய்து ஊர்வலமாய் நடத்தின வீடியோ வெளியே வந்தது. கொடுமை நடந்தது மே 4ஆம் தேதி. போலீசில் புகார் அதே மாதமே பதிவாகியிருந்தது. ஜூலை 19 அன்று வீடியோ வெளியே வந்த பிறகுதான் கைது ஆரம்பித்தது. வீடியோ வந்ததினால் நாடு அசைந்தது, அது உண்மை. ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்தச் சகோதரிகளின் அவமானத்தை, "ஜெபியுங்கள்" என்று ஒரு வரி போட்டு, பத்து குரூப்புக்கு அனுப்பினோம்? ஜெபிக்க அந்தப் படம் தேவையா?

இன்னொன்றும் கேட்கிறேன். வீடியோ வெளியே வராமல் இருந்திருந்தால்? எழுதிக் கொடுத்த புகார் இரண்டு மாதம் கிடந்ததே! தோமா காயத்தைக் கண்டு தொட்டால்தான் நம்புவேன் என்றான். ஆண்டவர் அவனுக்கு இரங்கினார், ஆனால் அவனை மெச்சவில்லை. நாம் எல்லாரும் தோமாக்களாய் மாறிவிட்டோம். ஏழை வந்து அழுதால், "வீடியோ இருக்கா?" என்கிறோம். கேமரா இல்லாத வயலிலும், கதவு பூட்டின வீட்டிலும் அடிபடுகிறவளுக்கு நியாயம் வேண்டாமா?

எல்லாம் பார்க்கிற தேவன் ஏன் சாட்சி கேட்டார்?

இங்கேதான் என் இருதயம் உடைந்தது. நம்முடைய தேவன் உறங்காதவர். அவருக்கு மறைவான இடம் இல்லை. வனாந்தரத்தில் ஒரு அடிமைப்பெண் ஆகார், தன்னைக் காண்கிறவர் என்று அவருக்குப் பேர் வைத்தாள். அப்படிப்பட்டவர் இஸ்ரவேலுக்கு நியாயப்பிரமாணம் கொடுத்தபோது என்ன சொன்னார்? உபாகமம் 19இல், இரண்டு மூன்று மனுஷ சாட்சிகளின் வாக்கினால் காரியம் தீர வேண்டும், நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும், பொய்ச்சாட்சிக்காரன் பிறனுக்குச் செய்ய நினைத்தது அவன் தலைமேலேயே வர வேண்டும் என்றார்.

ஏன் ஆண்டவரே? நீர்தான் எல்லாவற்றையும் பார்த்தீரே! பார்ப்பது மட்டும் போதுமானால், உம்முடைய பார்வையே போதுமே!

எனக்குக் கிடைத்த வெளிச்சம் இதுதான். பார்ப்பது ஒன்று, பார்த்ததற்காகத் தன்னை ஒப்புக்கொடுப்பது வேறொன்று. சாட்சி சொல்லுகிறவன் தன் பேரைக் கொடுக்கிறான், முகத்தைக் காட்டுகிறான், குறுக்குக் கேள்விக்கு நிற்கிறான், பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுகிறான். கேமராவுக்கு இழக்க ஒன்றும் இல்லை. அது பயப்படாது, வெட்கப்படாது, பிறனை நேசிக்கவும் செய்யாது. தேவன் தம்முடைய ஜனத்திடம் கேட்டது பிறனுக்காக நிற்கிற மனுஷனை. ஆபேலின் இரத்தம் சிந்தப்பட்டதை அவர் பார்த்திருந்தார். ஆனாலும் காயீனிடம் உன் சகோதரன் எங்கே என்று கேட்டார். அதே கேள்வியை அந்தத் தாயார் என் வாசலில் வந்து கேட்டார்கள். நான் சொன்ன பதில் காயீன் சொன்ன பதில்.

ஞாயிறுதோறும் சாட்சி நேரம் வைக்கிற சபை நாம். வியாதி சுகமானது, வேலை கிடைத்தது, விசா வந்தது என்று சாட்சி சொல்லுகிறோம். நல்லது. ஆனால் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் ஒளிந்துகொள்ளுகிற நாவு, ஆராதனையில் எழும்பிச் சொல்லுகிறது எவ்வளவு தூரம் மேலே போகும்?

நாம் செய்ய வேண்டியது

முதலில் உதவி, பிறகு படம். ஒருவன் அடிபடும்போது கூப்பிட்டுச் சத்தம்போட ஒரு நாவும், 112க்குப் போன் பண்ண ஒரு கையும் உனக்கு உண்டு. விபத்தில் உதவுகிறவனைக் காப்பாற்ற 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதில் அவனுக்குக் கொடுத்திருக்கிற பேர் நல்ல சமாரியன்! ஆண்டவர் சொன்ன உவமை நம் நாட்டுச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. நம் கால்களில் ஏற வேண்டாமா?

படம் எடுத்திருந்தால் வெட்டாதே, பாட்டுப் போடாதே, குரூப்பில் விடாதே. எடுத்த போனையும் மூலப் பதிவையும் அப்படியே வைத்திரு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, கருவியை வைத்திருந்தவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால்தான் இப்படிப்பட்ட பதிவு கோர்ட்டில் நிற்கும். ஆக, சட்டமும் படத்துக்குப் பின்னால் ஒரு மனுஷன் பேர் எங்கே என்றுதான் கேட்கிறது. ஒரு வக்கீலிடம் கேட்டு ஒப்படை. பயமிருந்தால் அதையும் சொல்லு. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம். நம்மில் ஒருவர் சாட்சி சொல்லப் போனால், சபை அவரைத் தனியே அனுப்பாதிருக்கட்டும். இரண்டு பேராவது கூடப் போங்கள்.

கடைசியாக

நான் பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்மேல் கைவைத்து உடனே ஜெபிக்கவில்லை. "பிரதர், முதல்ல அந்தம்மாகிட்டப் போவோம். ஜெபம் அப்புறம்" என்றார். போனோம். சொன்னேன். தாயார் ஒன்றும் பேசவில்லை. பையன்தான் கேட்டான்: "அப்ப ஏன்ணே அழிச்சீங்க?" "பயந்துட்டேன்ப்பா" என்றேன். அதைத் தவிர சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அவனுடைய வக்கீல் மூலமாக அவன் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏறினேன். பார்த்ததைச் சொன்னேன்: கைகள் தலைமேல், அரிவாள் மட்டையின்மேல். அரசு வக்கீல் எழும்பினார்.

"நீங்க வீடியோ எடுத்தீங்க. அது எங்க?"

"நானே அழிச்சிட்டேன் சார்."

"அந்தப் பையனோட அம்மா கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

"தானா அழிஞ்சு போச்சுன்னு பொய் சொன்னேன்."

"அன்னைக்குப் பொய் சொன்னவர் இன்னைக்கு உண்மை சொல்றார்னு கோர்ட் எப்படி நம்புறது?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நிமிஷம் நாற்பது விநாடி என் கையில் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. என் பாவத்தை ஆண்டவர் மன்னித்தார்; அதை நான் விசுவாசிக்கிறேன். ஆனால் அழித்த படம் திரும்பி வரவில்லை. வழக்கில் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. பையன் இப்போது வேறு தெருவில் வண்டி போட்டிருக்கிறான். நான் அந்தப் பக்கம் போனால் இளநீர் வெட்டிக் கொடுக்கிறான், காசும் வாங்கிக்கொள்ளுகிறான். அதிகம் பேசுவதில்லை. நான் அதற்குப் பாத்திரவான்.

எனக்கன்பானவர்களே, உங்கள் போனில் அழிக்காமல் வைத்திருக்கிற ஒன்று உண்டா? உங்கள் மனதில் அழிக்கப் பார்க்கிற ஒன்று உண்டா? பக்கத்து வீட்டில் கேட்ட சத்தம், வேலை இடத்தில் பார்த்த அநியாயம், ஒரு பிள்ளை உங்களிடம் அரைகுறையாய்ச் சொன்ன காரியம்? இந்தக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கே போங்கள். எட்டு மாதம் காத்திருக்காதிருங்கள்.

ஜெபிப்போம்: எங்களைக் காண்கிற தேவனே, கண்டதைச் சொல்லும் தைரியத்தை எங்களுக்குத் தாரும். காணாததைச் சொல்லாதபடி எங்கள் நாவையும் விரல்களையும் காத்துக்கொள்ளும். சிறையிலும் ஸ்டேஷனிலும் நியாயத்துக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு எங்களில் ஒருவரைச் சாட்சியாய் எழுப்பும். உண்மையுள்ள சாட்சியாகிய இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் நல்ல பிதாவே, ஆமென்.

மாரநாதா!